மூன்றாம் சரணத்தில் உன் அம்மா

பைன் ஃபோர்க், கென்டக்கி
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் மார்லாவுக்கு,

அப்பா வெர்லின் எழுதுவது. இங்கே நான் சுகம், நாயும் சுகம். நாய் சுகம் என்பதற்கு அடிக்கோடு போட்டிருக்கிறேன், காரணம் பின்னால் வரும். நாஷ்வில்லில் உனக்கும் உன் தொண்டைக்கும் உன் கிதாருக்கும் ஒரு குறையும் வராமலிருக்கக் கர்த்தரை வேண்டிக்கொள்கிறேன். மரியாதையெல்லாம் முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

உன் பாட்டு ரேடியோவில் வர ஆரம்பித்ததிலிருந்து என் வீட்டில் எனக்கு நிம்மதி போய்விட்டது. முதல் சரணத்தில் நான் குடிக்கிறேன், இரண்டாம் சரணத்தில் நாய் சாகிறது, மூன்றாம் சரணத்தில் உன் அம்மா சாகிறாள். இதில் கடைசி ஒன்றுதான் நிஜம், அதையும் நீ நடந்தபடி சொல்லவில்லை. நம்ம ஊர் ஜனங்களைப் பற்றி உனக்குத் தெரியாததா? செய்தியில் ஒன்றைச் சொன்னால் இவன் புளுகுகிறான் என்பார்கள். அதையே கிதாரோடு சொன்னால் பைபிளுக்கு அடுத்தபடியாக நம்புவார்கள். போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நம்ம சபைப் போதகர் சகோதரர் ஸ்லோன் இரண்டு மூப்பர்களைக் கூட்டிக்கொண்டு நேரே என் அடுப்படிக்கு வந்துவிட்டார். “வெர்லின், பாட்டிலை எங்க வச்சிருக்கப்பா?” என்றார். என்ன பாட்டில் என்றேன். “உன் பொண்டாட்டி நெல்டா கல்லறை மேல உக்காந்து குடிக்கிறியே, அந்த விஸ்கிதான். பெத்த பொண்ணே பாடிட்டா, இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது?” என்றார். ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து இருமல் மருந்தைக்கூட லேபிளைப் படித்துவிட்டுக் குடிக்கிற மனுஷன் நான். மூன்று பேருமாக அலமாரி அலமாரியாகத் திறந்து பார்த்தார்கள். கடைசியில் ஃபிரிட்ஜிலிருந்த இனிப்பு டீ ஜாடியை மோந்து பார்த்து, எதற்கும் இருக்கட்டுமென்று அதன்மேல் கைவைத்து ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்கள்.

இது போதாதென்று நாய்க்குத் துக்கம் கேட்க வருகிறார்கள். உருளைக்கிழங்கும் சீஸும் போட்டு வேகவைத்த கேசரோல், அடியில் பேர் எழுதி ஒட்டிய கண்ணாடிப் பாத்திரங்கள், உன் அம்மா சாவுக்கு வந்ததைவிட அதிகம் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டு எஸ்டில் வந்து வாசற்படியில் நிற்கிறான். ஜாஸ்பர் வாலை ஆட்டிக்கொண்டு அவன் பூட்ஸை நக்குகிறது. இவன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, “ரொம்ப நல்ல நாய் அண்ணே” என்கிறான். “இதுதாண்டா அந்த நாய்” என்றேன். குனிந்து பார்த்துவிட்டு, “அச்சு அசல் அதே ஜாடை. எங்க பிடிச்சீங்க?” என்று கேட்கிறான். இவனோடு எதைப் பேசுவது, நீயே சொல்லு.

உன்னிடம் போனில் கேட்டதற்கு நீ என்ன சொன்னாய்? “அப்பா, ரெண்டாவதுல நாய் சாகலேன்னா, மூணாவதுல அம்மா சாகறப்ப கேக்கறவங்க தயாரா இருக்க மாட்டாங்கப்பா. கதைன்னா படிப்படியாத்தான் ஏத்தணும்.” அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன். நிஜத்துல யாரும்மா தயாரா இருந்தா? நான் இருந்தேனா, நீ இருந்தியா? காலைல பத்து மணிக்கு நேரம் குறிச்சு, ஒரு ரூம்ல காபியோட உக்காந்து, உங்கம்மாவ ஒரு நாளும் பார்த்திராத, பாட்டெழுதற ரெண்டு பயலுகளயும் சேர்த்துக்கிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள அவள சாகடிச்சு முடிச்சிருக்கீங்க. அதுதான் அங்கே தொழில் முறை, எல்லாப் பாட்டும் அப்படித்தான் பிறக்கிறது என்கிறாய். பிறக்கட்டும். ஆனா அவ வாயில வார்த்தைய வைக்க அந்தப் பயலுகளுக்கு யாரு அதிகாரம் குடுத்தது?

உன் பாட்டில் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அவள், “வெர்லின், நான் முன்னாடி போயி அடுப்ப மூட்டி வைக்கிறேன், நீ மெதுவா வா” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறாள். உங்கம்மா இத்தனை வருஷத்துல என்னை மெதுவா வான்னு ஒரு தடவை சொல்லியிருப்பாளா? சர்ச்சுக்குக் கிளம்பினால் நான் ஷூ மாட்டுவதற்குள் காரில் உட்கார்ந்து ஹாரன் அடிக்கிறவள். அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான். சாயங்காலம் நர்ஸ், இன்றைக்குப் பயமில்லை, வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் தூங்குங்கள் என்றாள். உன் அம்மா, “போயி நாய்க்குச் சோறு வை. குழம்பு ஊத்தாத, அதுக்கு வயித்துக்கு ஆகாது” என்றாள். அவ்வளவுதான். நான் வந்து நாய்க்கு டப்பாவைத் திறந்துகொண்டிருக்கும்போது போன் அடித்தது. உன் பாட்டுல மாதிரி நாய் முன்னாடியே செத்துத் தொலைஞ்சிருந்தா நான் ஆஸ்பத்திரியிலேயே இருந்திருப்பேன் மார்லா. இதை நினைக்காமல் ஒரு வேளையும் என்னால் சாப்பிட முடியவில்லை.

அதனால் கேட்கிறேன். சனிக்கிழமை அந்தப் பெரிய மேடையில் நீ பாடப்போகிறாய், ரேடியோவில் நாடு பூராவும் கேட்கும் என்கிறார்கள். மூன்றாம் சரணத்தை விட்டுவிட்டுப் பாடு. முடியாதென்றால் நடந்ததைப் பாடு. நாய்க்குக் குழம்பு ஊத்தாதே என்பது பாட்டுக்கு எடுபடாது என்பாய். எடுபடாட்டி போகட்டும். அவ எனக்கு விட்டுட்டுப்போன கடைசி வார்த்தை அது. அதை நினைக்கலாம்னு உக்காந்தா அவ குரல் வரமாட்டேங்குது, உன் குரல்தான் ராகத்தோட வருது. எனக்குப் பயமாயிருக்கு.

வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. குளிருக்கு ஸ்வெட்டர் போடு. கர்த்தர் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும்.

உன் அப்பா
வெர்லின் ஸ்டிட்ஹாம்

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்கப் போகிற வழியில் பெட்ரோல் போட நின்றேன். பக்கத்து பம்பில் லாரியோடு நின்ற ஆள், முன்பின் தெரியாதவன், கடைக்காரர் என்னை வெர்லின் என்று கூப்பிட்டதைக் கேட்டுக் கிட்டே வந்து, “நீங்க அந்தப் பாட்டுல வர்றவர்தானே?” என்றான். ஆமாம் என்றேன். அவன் மனைவி ஆஸ்பத்திரியில் இருக்கிறாளாம், உன் அம்மா இருந்த அதே மாடியில். “நிஜமாவே அப்படிச் சொன்னாங்களா அவங்க?” என்று கேட்டான். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “சொன்னா” என்றேன். “கைய பிடிச்சிட்டிருந்தீங்களா?” என்றான். “விடவே இல்ல தம்பி” என்றேன். அவன் அழுதான், நானும் கூட நின்று அழுதேன். இன்னொரு கடிதம் எழுத எனக்குத் தெம்பில்லை, இதையே அனுப்புகிறேன், மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடு. சனிக்கிழமை மூன்றாம் சரணத்தை ஒரு வார்த்தை மாற்றாமல் பாடு. அந்த ராத்திரி உங்கம்மா பக்கத்துல நான் இருக்கறது அதுல மட்டும்தான்.