ஃபிராங்க்ஃபுர்ட்டில் பிடிபட்ட தேசிக்காய்

ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு இறக்குமதி விதிகளைப் பொழுதுபோக்குக்காக வாசிப்பவர்கள் உலகத்தில் மிகச் சிலர். அவர்களில் நானும் ஒருத்தி. (இதை வெளியில் சொன்னால் பேசி வருகிற சம்பந்தமும் ஓடிப்போகும் என்று அம்மாவுக்குப் பயம்.) ஜெர்மனியில், எர்லாங்கனில் சர்வதேச வணிகம் படித்து முடித்த புதிதில், மிளகாய்த்தூளில் எவ்வளவு பூச்சிமருந்து எச்சம் இருக்கலாம், லேபிளில் எந்த எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரும் எழுப்பிக் கேட்கவில்லை என்பதுதான் என் மனக்குறை.

அந்தக் குறையைச் சின்னம்மா தீர்த்துவைத்தார். யாழ்ப்பாணத்தில், சாவகச்சேரியில் தையல் கடையை மூடி, மெஷின்களையும் விற்றுவிட்டு, அயலில் உள்ள பெண்களைச் சேர்த்து முருங்கையிலையைக் காயவைத்து மாவாக்கத் தொடங்கியிருந்தார். அதை ஜெர்மனிக்குக் கொண்டுவருவது என் பொறுப்பு. எர்லாங்கனில் இயற்கை உணவுக் கடை வைத்திருக்கும் ஒருவர் மாதிரியைச் சுவைத்துவிட்டு, "முதல் சரக்கு சிக்கலில்லாமல் வந்தால் தொடர்ந்து எடுக்கிறேன். இல்லையென்றால் மலிவாகத் தர எத்தனையோ நாட்டுக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள்" என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னது பொய்யில்லை. முருங்கைமாவு விற்க உலகமே புறப்பட்டிருக்கிறது. எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு.

எனவே வாட்ஸப்பில் சின்னம்மாவை வாட்டி எடுத்தேன். ஈரப்பதம் அளந்தாயிற்றா? சரக்கை அடுக்கும் பலகைத் தட்டில் பூச்சிநீக்க முத்திரை இருக்கிறதா? ஆய்வுகூட அறிக்கை எங்கே?

"பிள்ளை, இஞ்ச இலை காயுதோ இல்லையோ, உன்ர கேள்வியில நாங்கள் காஞ்சுபோனம்" என்றார் சின்னம்மா.

சரக்கு புறப்படும் நாள் வந்தது. வீடியோவில் நானும் இருந்தேன்.

"முதல் சாமான். ஒரு தேங்காய் வச்சு அனுப்புவமே?" என்று கேட்டார் சின்னம்மா.

"தேங்காயோ! உடைஞ்சால் தண்ணி ஊறி ஈரப்பதம் ஏறும். வேண்டாம். ஒரு தேசிக்காயும் மிளகாயும் கோர்த்துப் பெட்டிக்குள்ள மேலால கட்டுங்கோ. ரண்டு மாவிலையும் செருகுங்கோ. வீடியோவில வடிவா இருக்கும்."

(தேசிக்காய் என்றால் எலுமிச்சைதான். எங்கள் வீட்டில் தேசிக்காய் என்று சொன்னால்தான் புளிக்கும்.)

"கட்டிப்போட்டுப் பிறகு கழட்டுறதோ?"

"கழட்டாதேங்கோ! இறுக்கிக் கட்டுங்கோ. இஞ்ச பெட்டி திறக்கேக்கையும் வீடியோ எடுக்கவேணும்."

அந்தப் பதிவு இன்னும் இருக்கிறது. "இறுக்கிக் கட்டுங்கோ" என்பது என் குரல்தான். மறுக்க வழியில்லை.

ஃபிராங்க்ஃபுர்ட் விமான நிலையத்தில் எங்கள் சரக்கைப் பரிசோதனைக்கு எடுத்திருப்பதாக எங்கள் சுங்க முகவர் அறிவித்தார். நான் நேரில் வரத் தேவையில்லை என்றும் தெளிவாகச் சொன்னார். நான் போனேன். பஸ் ஓட்டுநரான அப்பா, பாவம், லீவு போட்டுவிட்டு என்னைக் காரில் கூட்டிக்கொண்டு போனார்.

அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி. முதல் பெட்டியைப் பார்த்தார். தலையாட்டினார். இரண்டாவது பெட்டியைத் திறந்தார். அதற்குள் எங்கள் தேசிக்காய், பயணக் களைப்பில் சற்றே சுருங்கி, இரண்டு மிளகாய்களுக்கு நடுவே மாப்பிள்ளை மாதிரி இருந்தது. கையுறை போட்ட இரண்டு விரல்களால் நூலைத் தூக்கிப் பிடித்தார்.

"இது என்ன?"

"உணவு இல்லை" என்றேன் அவசரமாக.

"அப்படியானால் எதற்கு?"

"பாதுகாப்புக்கு."

"எதிலிருந்து?"

"கெட்ட பார்வையிலிருந்து. யாராவது பெட்டியைத் திறந்து உற்றுப் பார்த்தால், அந்தக் கண்ணூறு..."

அவர் மூக்குக்கண்ணாடியைச் சற்றே கீழே இறக்கினார். "இப்போது திறந்து உற்றுப் பார்ப்பது நான்தானே?"

பின்னால் நின்ற அப்பா, உதடு அசையாமல், "பிள்ளை, வாயை மூடு" என்றார்.

மூடியிருக்கலாம். ஆனால் எனக்குச் சட்டம் தெரியும் என்று இந்தப் பெண்மணிக்குத் தெரியாமல் போய்விட்டால்? "எனக்கு விதி தெரியும்" என்று தொடங்கினேன். "எலுமிச்சைக்குத் தாவரநலச் சான்றிதழ் வேண்டும். காம்பு இருக்கக்கூடாது, இதில் இருக்கிறது. மிளகாய்க்கும் சான்றிதழ் வேண்டும். மாவிலைக்கும்..."

"மாவிலையா? எங்கே?"

அதை அவர் கவனித்திருக்கவே இல்லை. மூடியின் மடிப்புக்குள் இருந்ததை நானே விரல் நீட்டிக் காட்டினேன்.

"இவளை ஆர் இஞ்ச கூட்டிக்கொண்டு வந்தது?" என்று அப்பா கூரையைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்கள்தான் அப்பா."

அதிகாரி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். நாங்கள் வெளியே நின்றோம். மாவு முழுவதும் எரியடுப்புக்குப் போகிற காட்சி என் கண்முன் ஓடியது. விற்றுவிட்ட தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக வந்து என்னை முறைத்தன. அந்த நேரம் பார்த்துச் சின்னம்மா அழைத்தார். அப்பாதான் எடுத்தார்.

"ஓம், சாமான் வந்திட்டுது. மாவுக்கு ஒரு குறையுமில்லை. தேசிக்காயைத்தான் விசாரிக்கினம்."

கடைசியில் அதிகாரி வந்தார். "மாவு உலர்ந்தது, உறையும் சரி, பூச்சி எதுவும் இல்லை. ஆய்வு முடிவு வந்ததும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். இவற்றை மட்டும் அழித்துவிடுவோம். கையெழுத்துப் போடுங்கள்."

போட்டேன். போடும்போது கண்ணில் நீர் வந்துவிட்டது. தேசிக்காய்க்காக அழுகிறேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். "வருந்துகிறேன்" என்றார் மெதுவாக. பிறகு பயணிகளுக்கான துண்டுப் பிரசுரம் ஒன்றைத் தந்தார். தாவரநலச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுவரக்கூடிய பழங்கள் அதில் இருந்தன. அன்னாசி, வாழைப்பழம், பேரீச்சம்பழம், டூரியன்.

தேங்காய்.

என் தோளுக்கு மேலால் அப்பாவும் வாசித்தார். வீடு திரும்பும் வழியில் வூர்ட்ஸ்பூர்க் வரை வாயே திறக்காமல் ஓட்டினார். அதற்குப் பிறகு, "தேங்காய் உடைஞ்சால் ஈரப்பதம் ஏறுமாம்" என்று தனக்குள்ளே சொல்லிச் சிரிக்கத் தொடங்கியவர், ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாமல் பார்க்கிங்கில் காரை நிறுத்தினார். நானும் சிரித்தேன். இவ்வளவு பெரிய பாரம் இறங்கிய பிறகு வேறென்ன செய்ய?

ஆய்வு முடிவு சுத்தமாக வந்தது. கடைக்காரர் இன்றும் எடுக்கிறார். "நான் அப்பவே தேங்காய் எண்டனான்" என்று சின்னம்மா இன்றும் சொல்கிறார். இப்போது ஒவ்வொரு சரக்கோடும் ஒரு தேங்காய், தனிப் பையில், சட்டப்படி ஜெர்மனிக்கு வருகிறது. அம்மா அதில் சம்பல் போடுகிறாள்.

போன கோடையில் என்னைப் பெண் பார்க்க வால்டோர்ஃபிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அம்மா தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொடுத்தாள். அப்பாவால் சும்மா இருக்க முடியுமா? "பயப்பிடாமல் குடியுங்கோ, இதுக்குச் சான்றிதழ் இருக்கு" என்று தொடங்கி, முழுக் கதையையும் கைகால் வைத்துச் சொல்லி முடித்தார். அம்மா சமையலறை வாசலில் விறைத்து நின்றாள்.

மாப்பிள்ளைப் பையன் கிளாஸைக் கீழே வைத்தான். என்னைப் பார்த்து, "மாவிலையை அந்த அதிகாரி காணேல்லை எண்டால், நீங்கள் ஏன் காட்டினீங்கள்?" என்று கேட்டான்.

"விதி எண்டால் விதிதானே" என்றேன்.

அவன் கிளாஸைத் திரும்ப எடுத்தான். "ஓம், நானும் காட்டியிருப்பன்" என்றான்.

சமையலறை வாசலில் அம்மா மூச்சு விடுகிற சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.