சிரிப்பு பற்றிய முதல் குறிப்பை நீக்கக் கோரி

பெர்ம்,
ஏப்ரல் 2

பெருமதிப்புக்குரிய பதிப்பாசிரியர் க்ளெப் திமோஃபெயெவிச் அவர்களுக்கு,

ரிம்மா ஷூபினா வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் துணைவியாரும் நலமாக இருப்பீர்கள் என்றும், பனியில் வழுக்கி அடிபட்ட தங்கள் முழங்கால் இப்போது மாடிப்படி ஏற விடுகிறது என்றும் நம்புகிறேன். இங்கே நான் நலம். ‘பெர்ம் நகருக்கு வரும் விருந்தினருக்கு முப்பத்தோரு குறிப்புகள்’ என்ற நம் கையேடு இரண்டாம் பதிப்புக்குப் போவதாக அறிந்து மகிழ்ந்தேன். அச்சேறும் முன், அதை எழுதியவள் என்ற முறையில் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். முதல் குறிப்பை எடுத்துவிடுங்கள். முடியாதென்றால் அட்டையிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள்.

அந்தக் குறிப்பு தங்களுக்கு நினைவிருக்கும். ‘முன்பின் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். காரணம் இல்லாத சிரிப்பை இங்கே யாரும் நம்புவதில்லை’ என்று எழுதியிருந்தேன். எழுதியபோது அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வெளிநாட்டு மாணவர்களுக்கு இருபது வருடமாக நம் ரஷ்ய மொழி கற்பிக்கிறேன். முதல் வகுப்பில் அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், நான் பதிலுக்குக் கரும்பலகையைப் பார்ப்பேன். இதை ஊர் வழக்கம் என்று கையேட்டில் எழுதிவிட்டேன். ஊரின் வழக்கமா, என் வழக்கமா என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

என் அக்கா ஸோயாவைத் தங்களுக்குத் தெரியாது. ஐம்பத்தொரு வயது. பிஸ்கட் தொழிற்சாலையில் மாவு பிசையும் பிரிவுக்குத் தலைவி. கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. போன நவம்பரில் அந்தத் தொழிற்சாலைக்குப் புது அடுப்புகள் பொருத்த பிரேசிலிலிருந்து அன்செல்மோ என்று ஒருவர் வந்தார். ஐம்பத்து நான்கு வயது, அவரும் மனைவியை இழந்தவர். நம் மொழியை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கீழே வைத்துப் பேசுவார். ஆனால் சிரிப்பு மட்டும் தாராளம். பேருந்து ஓட்டுநரைப் பார்த்துச் சிரிப்பார், அடுப்பைப் பார்த்துச் சிரிப்பார், மைனஸ் இருபத்தைந்து டிகிரியைப் பார்த்தும் சிரிப்பார். ஜனவரியிலிருந்து, வேலை முடிந்ததும் தினமும் ஸோயா வீட்டுக்கு டீ குடிக்க வந்துவிடுவார். அக்கா என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, “இன்னிக்கும் அந்த மனுசன் வாசல்ல நின்னு சிரிச்சாருடி. என்னத்துக்குச் சிரிக்கிறீங்கன்னு கேட்டேன். கதவு தொறந்துச்சே, அதுக்குங்கறாரு” என்பாள். ஆறு வருடமாக அவளிடம் நான் கேட்காத குரல் அது.

மார்ச் 22-ஆம் தேதி அவர் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குக் கிளம்ப வேண்டும். இன்னும் ஒரு வருடம் இருந்து அடுப்புகளைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று தொழிற்சாலையில் கேட்டிருந்தார்கள். “யோசிக்கிறேன்” என்று ஸோயாவிடம் சொன்னாராம். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னதால் பாதி சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். மீதிப் பாதிக்காகக் காத்திருந்தாள். இந்த நேரம் பார்த்து, மார்ச் முதல் தேதி, என் கையாலேயே நம் கையேட்டின் ஒரு பிரதியை அவருக்குப் பரிசாகக் கொடுத்தேன்.

ஐந்தாம் தேதியோடு சிரிப்பு நின்றது.

நின்றது என்றால் அடியோடு நின்றது. உதட்டை ஒட்டிவைத்த மாதிரி வந்தார், உட்கார்ந்தார், போனார். அத்தோடு விட்டாரா? பொது இடத்தில் சத்தமாகப் பேசக் கூடாது என்பது ஒன்பதாம் குறிப்பு. இவர் சமையலறையில்கூட வாயைக் கையால் மறைத்துக்கொண்டு முணுமுணுத்தார். சாப்பிடச் சொன்னால் இரண்டு முறை மறுத்துவிட்டு மூன்றாம் முறை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது பதினான்காம் குறிப்பு. இவர் முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்தவர் போல, அக்கா தன் கையால் சுட்ட தேன் பிஸ்கட்டை மூன்றாம் முறையும் வேண்டாம் என்றார், ஏழாம் முறையும் வேண்டாம் என்றார், ஆறிப்போன டீயை மட்டும் குடித்தார். ஸோயா முப்பது வருடமாகப் பிஸ்கட்டால் பிழைப்பவள். அவளுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று தாங்களே எண்ணிப் பாருங்கள்.

மகளிர் தினத்தன்று ஏழு டியூலிப் பூ வாங்கிக்கொண்டு வந்தார். டிராம் நெரிசலில் ஒன்று ஒடிந்தது. லிஃப்டில் மேல்வீட்டு அக்லாயா ஃபோமினிச்னா, எழுபத்து மூன்று வயது, டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், பூவை எண்ணிவிட்டு, “ஆறா! ரெட்டைப்படையில யாருக்குய்யா, கல்லறைக்கா?” என்று அலறியிருக்கிறார். இவர் பதறி, ஒற்றைப்படை ஆக்குவதற்காக ஒரு பூவை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். (பதினேழாம் குறிப்பு, வேறென்ன!) அக்லாயா ஃபோமினிச்னா அதைக் கோட்டில் செருகிக்கொண்டு ஒன்பது மாடிக்கும் ஏறி இறங்கி, “எனக்குப் பூ குடுத்துட்டு, என் கண்ணையே பாத்தாரு. சிரிக்கக்கூட இல்ல. அவ்ளோ தீவிரம்!” என்று சொல்லியிருக்கிறார். மீதி ஐந்து பூவும் துக்கம் விசாரிக்க வந்தவர் முகத்தோடு அக்காவிடம் கொடுக்கப்பட்டன.

“ஊர்ல யாரோ இருக்காடி அவருக்கு,” என்றாள் ஸோயா. “சொல்ல முடியாம முழிக்கிறாரு.”

“நேரா கேளேன்.”

“நான் எதுக்குக் கேக்கணும்? போறவரு போகட்டும்.”

அது கையேட்டினால் வந்தது என்று நான் சொல்லியிருக்கலாம். நான்கு முறை சொல்லத் தொடங்கி நான்கு முறையும் வானிலை பற்றிப் பேசினேன். அக்காவின் சிரிப்பையும் சேர்த்து நிறுத்தியவள் நான்தான் என்று ஒப்புக்கொள்ள நா எழவில்லை.

22-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. விமான நிலையத்துக்குப் போகிற வழியில் விடைபெற வந்தார். இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டார், டாக்ஸி கீழே நின்றது. நடைவழியில் எல்லோரும் உட்கார்ந்தோம், பயணத்துக்கு முன் உட்காராமல் யார் கிளம்புவார்கள்? அவர் ஒரு பெட்டி மேல், ஸோயா முக்காலியில், நான் செருப்புப் பெட்டியின் மேல். ‘அமைதியாக ஒரு நிமிடம் உட்காருங்கள். வீட்டுக்காரர் எழுந்து, கடவுள் துணை என்று சொல்லும்வரை எழக் கூடாது’ என்பது இருபத்து மூன்றாம் குறிப்பு. ஒரு நிமிடம் ஆயிற்று. ஸோயா எழவில்லை. இரண்டாயிற்று. அவள் தன் வீட்டுச் செருப்பின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே ஹாரன் அடித்தது. யாரும் அசையவில்லை. நான் எழலாம் என்று பார்த்தால் நான் வீட்டுக்காரி இல்லை, எழுதியவள் நானே என் குறிப்பை மீறுவதா? நான்காம் நிமிடம் டாக்ஸி ஓட்டுநர் ரினாத் மேலே வந்து, திறந்திருந்த கதவு வழியே கத்த வாயெடுத்தவர், எங்களைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து இன்னொரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். நம் ஊர்க்காரர்தானே, வேறென்ன செய்வார்? ஏழாம் நிமிடம், நுழைவாயிலை டாக்ஸி மறித்து நிற்கிறது என்று சண்டைக்கு இறங்கி வந்த அக்லாயா ஃபோமினிச்னாவும் வாயை மூடிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தார்.

“யாருக்காகக் காத்திருக்கோம்?” என்று ரினாத் என் காதில் கேட்டார்.

“உஷ்!” என்றார் அக்லாயா ஃபோமினிச்னா.

“இல்ல பாட்டி, விமானம் போயிருமே.”

“போகட்டும்,” என்றாள் ஸோயா, செருப்பைப் பார்த்தபடியே.

அன்செல்மோ கையால் வாயை மறைத்துக்கொண்டு, “ஸோயா. நான் எழுந்திருக்கவா?” என்று கேட்டார்.

“நான் எந்திரிக்கச் சொல்லலியே.”

அவர் எழவில்லை. பதினோராம் நிமிடம் ரினாத்தான் எழுந்தார். “நான் பயணம் போறவன் இல்ல, நான் எந்திரிக்கலாம்,” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, தான் உட்கார்ந்திருந்த பெட்டியைத் தூக்கினார். லிஃப்ட் பக்கம் திரும்புவார் என்று நினைத்தேன். அறைப் பக்கம் திரும்பினார். “எங்க வைக்கட்டும், அக்கா?”

“ஜன்னலோரமா வைங்க,” என்றாள் ஸோயா. “ரேடியேட்டர் சூடு படாம.”

மறுநாள் தொழிற்சாலைக்குப் போய் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். சுபம் என்று தாங்கள் நினைக்கலாம். அதுதான் இல்லை. இன்றோடு பதினோரு நாள் ஆகிறது, மனிதர் இன்னும் சிரிக்கவில்லை! வாய்மூடி, கைமறைத்து, டீ ஆறும்வரை காத்திருந்து, ஒரு பிஸ்கட்கூடத் தொடாமல், என் குறிப்புகளின்படி ஒரு முழு வருடம் என் அக்காவோடு வாழப் போகிறார். “கட்டாயப்படுத்தி உக்கார வெச்சுட்டேனோடி? இருக்கப் புடிக்காமத்தான் இப்படி இருக்காரோ?” என்று நேற்று அவள் கேட்டபோது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆகவே, ஐயா, முதல் குறிப்பை நீக்குங்கள். அந்த இடத்தில், இவ்வூர் மக்கள் சிரிப்புக்குப் பழகாதவர்கள், பழக்கிவிடுங்கள் என்று போடுங்கள். ஒன்பது, பதினான்கு, பதினேழு ஆகியவற்றைத் தங்கள் விருப்பப்படி அடித்துவிடலாம். இருபத்து மூன்றில், அதிகபட்சம் எத்தனை நிமிடம் என்பதைச் சேர்க்கவும்.

தங்கள் துணைவியாருக்கு என் அன்பு. இந்த வசந்தம் உங்கள் வீட்டுக்கு நல்ல உடம்பையும் உலர்ந்த நடைபாதையையும் கொண்டுவரட்டும்.

மரியாதையுடன்,
ரிம்மா ஷூபினா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் ஸோயா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் இருவர் எதிரிலும் ஒப்புக்கொண்டேன். நான் சொல்லி முடிக்கும்வரை அன்செல்மோ பொறுமையாகக் கேட்டார். பிறகு உள்ளே போய்க் கையேட்டை எடுத்து வந்தார். பரிசுத்தாள் பிரிக்காமல், நாடா அவிழ்க்காமல், கொடுத்தபடியே இருந்தது. “மன்னிக்கணும். சின்ன எழுத்து எனக்குக் கஷ்டம்” என்றார். அப்படியானால் பயணத்துக்கு முன் உட்கார்ந்தது எப்படி என்றேன். “எல்லாரும் உட்கார்ந்தீங்க. எனக்கும் எழுந்திருக்க மனசு இல்லை.” பிறகு, வேறு வழியில்லாமல், கையை எடுத்து வாயைத் திறந்து காட்டினார். முன்பல் ஒன்றில் பாதியைக் காணோம். மார்ச் ஐந்தாம் தேதி ஸோயாவின் தேன் பிஸ்கட்டை முதல் முறையாக எடுத்து அப்படியே கடித்திருக்கிறார். சுட்டவளிடம் எப்படிச் சொல்வது என்று வெட்கப்பட்டு மறைத்திருக்கிறார். அந்தப் பிஸ்கட்டை டீயில் நன்றாக ஊறவைத்துத்தான் கடிக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் குழந்தைக்கும் தெரியும். முப்பத்தோரு குறிப்பு எழுதிய நான் அதை எழுதவில்லை. ஒரு மாதம் என்னால் ஒருவர் சிரிப்பை இழந்தார் என்று தூக்கம் கெட்டிருந்தேன். என்னை யாரும் படிக்கவே இல்லை என்பது அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வலிக்கிறது. எனவே மேலே கண்ட எதையும் பொருட்படுத்த வேண்டாம், ஒன்றையும் நீக்க வேண்டாம், என் பெயரும் இருக்கட்டும். பிஸ்கட்டை முப்பத்திரண்டாம் குறிப்பாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். இப்போது அவர்கள் இருவரும் பல் மருத்துவரிடம் போயிருக்கிறார்கள், அடுப்பில் இருக்கும் சூப்பை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பல்லைப் பார்த்ததும் ஸோயா அழப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் அவர் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, “போனது ஒரு பல்லு, அதுக்கா இத்தனை நாளு? நான் நீங்களே போயிட்டீங்கன்னுல்ல நெனச்சேன்!” என்றாள்.