சாமிச் சேவலுக்கு வெந்நீர்க் குளியல்

வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் புது மாப்பிள்ளையை விட ஆபத்தான பிராணி உலகத்தில் கிடையாது. அனுபவித்தவன் சொல்கிறேன். அந்தப் பிராணி நான்தான்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய கோடை. மதுரையில் ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். கல்யாணம் முடிந்து, திருவாதவூருக்குப் பக்கத்தில் இருந்த மாமனார் வீட்டுக்கு மறுவீடு போனேன். பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் பதினைந்து நாள் தங்கச் சொல்லிவிட்டார்கள். ஒரு செம்புத் தண்ணீரைக்கூட என்னைத் தூக்க விடவில்லை. கிணற்றடிக்குப் போனால் யாராவது ஓடிவந்து வாளியைப் பிடுங்கிக்கொள்வார்கள். மாட்டுக்கு வைக்கோல் அள்ளினால் மாமனார் பதறிப்போவார். உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்து, கடைசியில் கோழிகளைப் பார்க்க ஆரம்பித்தேன்.

அத்தை (மாமியாரை அப்படித்தான் சொல்லுவோம்) பன்னிரண்டு கோழிகள் வளர்த்தார். விடிந்ததும் அவற்றை மூடியிருக்கும் மூங்கில் பஞ்சாரத்தைத் தூக்குவார். ஒரு கை நொய் இறைப்பார். உடைந்த சட்டியில் தண்ணீர் வைப்பார். அப்புறம் அவை பாட்டுக்குக் குப்பைமேட்டைக் கிளறும், சாம்பலில் புரளும், பொழுது சாய்ந்தால் தாமாகவே வந்து சேரும். தலையை எண்ணிப் பஞ்சாரத்தைக் கவிழ்த்துவிடுவார். அவ்வளவுதான் வளர்ப்பு. இவ்வளவு சுலபமாக ஒரு காரியம் நடப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஏனென்றால் நான் கோழி வளர்ப்பைப் பற்றி ஒரு பிரசுரம் படித்திருந்தேன். (முழுக்கப் படித்தேன் என்று சொல்லமாட்டேன். வாசகசாலையில் கிடந்த அந்தப் பிரதியில் பாதிப் பக்கங்களைக் காணோம்.)

பன்னிரண்டில் ஒன்று சாமிச் சேவல். கம்மாய்க்கரைக் கருப்பனுக்கு நேர்ந்து விட்டது. காயப்போட்ட நெல்லை அது தின்றாலும் யாரும் விரட்டமாட்டார்கள். நான் ஊருக்குக் கிளம்பும் முந்தின நாள் அதைக் கோயிலில் வெட்டுவதாக ஏற்பாடு. அதன் இறகை ஒருநாள் விலக்கிப் பார்த்தேன். பேன்! சாமிக்குப் போகிற சேவல் பேனோடு போகலாமா? பிரசுரம் எனக்கு மனப்பாடம்: பேன் பிடித்த கோழியை வேப்பிலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரில் குளிப்பாட்ட வேண்டும். எத்தனை தடவை என்பது காணாமல் போன பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். நான் தினம் ஒரு தடவை என்று வைத்துக்கொண்டேன்.

எல்லோரும் காட்டு வேலைக்குப் போன பிறகு கொல்லையில் அபிஷேகம் நடக்கும். முதல் நாள் சேவல் என் முழங்கையைக் கிழித்தது. நாலாம் நாள் முணுமுணுப்போடு நிறுத்திக்கொண்டது. ஒரு வாரத்தில் அடுப்பில் வேப்பிலை வாசம் வந்தாலே தானாக வந்து நிற்கும். இடது இறக்கையைத் தூக்கிக் காட்டும். அங்கே ஊற்றி முடித்ததும் வலது இறக்கையைத் தூக்கும். என் வகுப்பில் ஒரு பிள்ளைகூட இவ்வளவு சீக்கிரம் ஒரு பாடத்தையும் கற்றதில்லை. என் மனைவி ஒருநாள் எட்டிப் பார்த்து, ஒருதரம் குளிப்பாட்டினது போதாதா என்று மெல்லக் கேட்டாள். சுத்தம் என்பது தினசரி ஒழுக்கம் என்று அவளுக்கு ஒரு பிரசங்கமே செய்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. கோயிலில் சொந்தபந்தம் ஐம்பது பேர். அந்தப் பக்கத்தில் சேவலை எடுத்த எடுப்பில் வெட்டிவிட மாட்டார்கள். பூசாரி அதன் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். சேவல் உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். உதறாவிட்டால் சாமிக்குச் சம்மதமில்லை. பட்டணத்தில் வளர்ந்த எனக்கு இந்த விஷயம் அந்த நிமிஷம்தான் தெரியும்.

பூசாரி வேப்பங்கொத்தை மஞ்சள் தண்ணீரில் நனைத்துத் தெளித்தார். சேவல் கண்ணை மூடிக்கொண்டது. இரண்டாவது தரம் தெளித்தார். சுகமாக நின்றது. மூன்றாவது, நாலாவது. ஓர் இறகுகூட ஆடவில்லை.

பூசாரி நிமிர்ந்து, என்ன வேண்டுதல் என்று கேட்டார்.

மாமனார் தயங்கினார். "மகளுக்கு நல்ல மாப்ள அமையணும்னு."

ஐம்பது பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

என் மனைவியின் சித்தப்பா ஒருவர் நான் குடிப்பேனா என்று என்னைக் கேட்காமல் பக்கத்தில் நின்றவரைக் கேட்டார். மதுரையில் வேறு குடும்பம் இருக்கிறதா என்று விசாரிக்கச் சொன்னார் இன்னொருவர். அத்தை முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கடைசியில் பூசாரி தீர்ப்பைச் சொன்னார்: "உத்தரவு கெடைக்கிற வரைக்கும் பொண்ணு இங்கனயே இருக்கட்டும்."

மறுநாள் காலை வண்டி பேசியிருந்தது. வைகைக்கு வடகரையில் வீடு பிடித்து, புதுப்பானை வாங்கி வைத்துவிட்டு வந்திருந்தேன். அவள் இல்லாமல் அந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று நினைத்ததும் எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பத்து நாளாகச் சேவலைக் குளிப்பாட்டியது நான்தான், தண்ணீர் அதற்குப் பழகிவிட்டது என்று சொன்னேன். பேனைப் பற்றியும் பிரசுரத்தைப் பற்றியும் விளக்கினேன். யாரும் நம்பவில்லை. கோழியைப் போய் எவன் குளிப்பாட்டுவான்?

பூசாரி மட்டும் யோசித்தார். ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துச் சேவலின் முதுகில் நிதானமாக ஊற்றினார். சேவல் இடது இறக்கையைத் தூக்கியது. அவர் அங்கேயும் ஊற்றினார். வலது இறக்கையைத் தூக்கியது. பிறகு, முதுகு தேய்க்க வசதியாகத் திரும்பி நின்றது.

யாரோ ஒருவர் களுக்கென்று சிரிக்க, கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. மகளிடம் போய், "உனக்குச் சம்மதந்தானாடி, உள்ளதச் சொல்லு" என்று கேட்டார்.

கல்யாணமானதிலிருந்து என் மனைவி சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். "வெட்டப் போற சேவலுக்கு வெந்நி வச்சு ஊத்துற மனுசன் கெட்டவரா இருக்க மாட்டாரும்மா. கிறுக்கா வேணா இருப்பாரு. நான் போறேன்."

வேறு சேவல் கொண்டுவந்தார்கள். பூசாரி வேப்பங்கொத்தை ஓங்கியபோதே அது சிலிர்த்துவிட்டது. சாமி வேண்டாமென்ற சேவலை வெட்டவும் கூடாது, வீட்டில் வைக்கவும் கூடாது என்றார்கள். மறுநாள் சீர்ப் பாத்திரங்களுக்கு நடுவில் அதுவும் எங்களோடு மதுரைக்கு வண்டியேறியது. நாலு வருஷம் தினம் காலையில் துவைக்கிற கல் மேல் ஏறி நின்று என்னைக் கூப்பிட்டது. நானும் வெந்நீர் வைத்தேன், வேறு வழி?

அந்த ஊரில் என் பெயர் இன்றுவரை யாருக்கும் தெரியாது. 'கோழி குளிப்பாட்டுன மாப்ள' என்றால் கைக்குழந்தையும் காட்டும். என் மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோது, அதே கருப்பனுக்கு என்ன நேர்ந்துகொள்ளலாம் என்று பேச்சு வந்தது. சேவல் என்று நான் வாயெடுப்பதற்குள் என் மனைவி கையமர்த்தினாள்.

"தேங்கா போதும். நீங்க எம்புட்டுத் தேச்சுக் குளிப்பாட்டுனாலும் அது ஒடைஞ்சுரும்."