கீழ்வீட்டுச் சுவரும் உன் மகளும்

அன்புத் தங்கை யூனிஸுக்கு,

கடலைவிடத் தாழ்ந்து கிடக்கும் நம் ஜார்ஜ்டவுனிலிருந்து உன் அண்ணன் ஆஸ்வால்ட் எழுதிக்கொள்வது. முழங்கால் இரண்டையும் தவிர மற்றபடி நான் நலம். புரூக்ளின் குளிரிலிருந்து உன்னையும் உன் கணவரையும் ஆண்டவர் காக்கட்டும். உன் மகள் கெசியாவிடமிருந்து என்னைக் காக்கும்படியும் அவரிடம் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. ஆகவே உனக்கு எழுதுகிறேன்.

வெள்ளத் தடுப்புப் பொறியாளராக அவள் ஊர் திரும்புகிறாள் என்று தெரு முழுக்கப் பெருமையடித்தவன் நான்தான். வந்த முதல் வாரமே என் கீழ்வீட்டுச் சுவரை இடிக்கச் சொன்னாள். நம் அப்பா இந்த வீட்டை ஆளுயரத் தூண்கள்மேல் கட்டியது உனக்கு நினைவிருக்கும். ஊரில் எல்லாரும் அப்படித்தான் கட்டினார்கள். பிறகு எல்லாருமே தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பி அறையாக்கிக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு அது கடை, இல்லையென்றால் வாடகை அறை. எனக்கு அதுதான் வீடு. படியேற மாட்டேன் என்று முழங்கால் சொன்ன நாளிலிருந்து அங்கேதான் சமையல், அங்கேதான் படுக்கை, பக்கத்து வீட்டு சுக்தேவை டொமினோவில் தோற்கடிப்பதும் அங்கேதான். சுவர் போனால் நான் மாடிக்குப் போக வேண்டும். மாடிக்குப் போனால் பிறகு என்னைப் பெட்டியில் வைத்துத்தான் கீழே இறக்குவார்கள். இதை உன் மகள் யோசித்தாளா?

நான் கல்லூரியில் படிக்காதவன், ஆனால் தண்ணீரைப் படித்தவன். சுக்தேவின் மனைவி பூல்மதி தன் முற்றத்தில் மண் கொட்டி உயர்த்தினாள். அவள் வீட்டுத் தண்ணீர் என் பக்கம் வந்தது. நான் அதைவிட உயர்த்தி சிமெண்ட் போட்டேன். அவள் என்னைவிட உயர்த்தினாள். இப்படியே விட்டிருந்தால் இந்தத் தெருவில் யாருக்கும் வெள்ளமே வந்திருக்காது. வாசற்கதவைத்தான் திறந்திருக்க முடியாது. அதற்குள் கெசியா குறுக்கே வந்துவிட்டாள். தெருவையே கிரிக்கெட் மைதானத்தில் கூட்டிவைத்துப் பேசினாள். நன்றாகத்தான் பேசினாள், அதை மறைக்கமாட்டேன்.

"கடல் ஏறி நிக்கும்போது மதகைத் தொறக்க முடியாது மாமா. அது இறங்குறவரைக்கும் மழைத்தண்ணி எங்கயாவது உக்காந்திருக்கணும்ல? உக்கார எடம் குடுங்க. நேரம் வந்ததும் தானா எந்திரிச்சுப் போயிரும்."

"உக்கார்றதுக்கு வாடகை குடுக்குமா?" என்று கேட்டேன்.

கூட்டம் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். எனக்கு ஆத்திரம் அதில்தான்.

பிறகு அவள் செய்த அநியாயங்களைக் கேள். நல்ல மைதானத்தைத் தோண்டிச் சுற்றிலும் படிக்கட்டு வைத்துக் கிண்ணமாக்கினாள். வெயில் நாளில் கிரிக்கெட்டாம், மழை நாளில் குளமாம். வாய்க்கால் தூர்வார ஆள் போதவில்லை என்றதும் தானே இடுப்பளவு சேற்றில் இறங்கினாள். முற்றங்களைத் தாழ்த்த வைத்தாள், சுவர்களை உடைக்க வைத்தாள். யாருடைய பேச்சையும் கேட்காத பூல்மதியே கேட்டாள் என்றால் பார்த்துக்கொள். கடைசியில் மிஞ்சியது என் சுவர் ஒன்றுதான்.

போன மாதம் விடிந்ததிலிருந்து மழை. கடல் உச்சத்தில் நின்றது, மதகு மூடிக் கிடந்தது. தெருத் தண்ணீர் மைதானத்தில் இறங்கிப் படிக்கட்டு படிக்கட்டாக ஏறி உட்கார்ந்தது. மற்ற வீடுகளுக்கு அடியில் வழிப்போக்கன் போல ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனது. என் வீட்டுக்கு மட்டும் கதவிடுக்கு வழியாக வந்தது, தரைக் குழாய் வழியாக வந்தது, வந்தது போகவே இல்லை. கட்டில் மூழ்கியதும் நான் டொமினோ மேசைமேல் ஏறி உட்கார்ந்தேன். கெசியா நீந்தாத குறையாக உள்ளே வந்தாள்.

"மாமா, முதுகுல ஏறுங்க."

"முடியாது."

"அப்ப நகந்து உக்காருங்க" என்று அவளும் மேசைமேல் ஏறிவிட்டாள். கடல் இறங்கும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தோம். சுவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, யூனிஸ். என் காலைத் தூக்கச் சொல்லி, எவ்வளவு உயரம் தூக்க முடிகிறது என்று மட்டும் பார்த்தாள்.

மதகு திறந்ததும் தெரு வடிந்தது. என் கீழ்வீடு வடியவில்லை. தண்ணீர் வராமலிருக்க நான் கட்டிய சுவர் அதைப் போகவிடாமல் பிடித்துக்கொண்டது. உள்ளே ஹஸ்ஸார் மீன்கள் நீந்தின. பூல்மதி கூடையோடு வந்து நின்றாள்.

"பெரியவரே, வெள்ளத்தை வாசலோட நிறுத்துவேன்னீங்க. இப்ப தெருவுக்கே உங்க வீட்லதான் மீனு!"

பிடித்த மீனில் எனக்கும் கறி வைத்து அனுப்பினாள். கறி நன்றாக இருந்தது. அது வேறு விஷயம்.

மறுநாள் கெசியா ஒரு வரைபடத்தோடு வந்தாள். வீட்டைச் சுற்றி வளைந்து மாடிக்குப் போகும் சாய்வுப் பாதை. படியே கிடையாது. மூச்சு வாங்கினால் உட்கார ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பலகை.

"சுவர் வேணாம்னுதானே மாமா சொன்னேன்? நீங்க வேணாம்னா சொன்னேன்?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். அவள் கெட்டிக்காரி. தைரியசாலி. நம் குடும்பத்தில் இப்படி ஒரு தலை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. உன் கணவரிடமிருந்து வந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் கொள்கை என்று ஒன்று இருக்கிறது. என் சுவர் நிற்கும். இதை நீயே அவளிடம் தாயாக எடுத்துச் சொல்லிவிடு.

உன் வீட்டு அடுப்பு அணையாதிருக்கவும், உன் கணவரின் இருமல் நீங்கவும் ஆண்டவர் அருள்வாராக.

என்றும் உன் நலம் நாடும் அண்ணன்,
ஆஸ்வால்ட் பிரத்வெயிட்

பின்குறிப்பு: தபாலில் சேர்ப்பதற்குள் சில வாரம் ஓடிவிட்டது. மேலே எழுதியதைப் பொருட்படுத்தாதே, கெசியாவிடம் எதுவும் சொல்லவும் வேண்டாம். சாய்வுப் பாதை முடிந்து நான் தினமும் ஏறி இறங்குகிறேன். சுவரை இன்று காலை இடித்தாயிற்று. முதல் அடி என்னுடையது. கெசியா சுத்தியலைக் கேட்டாள், கொடுக்கவில்லை. அடுத்த தெருவில் கொன்சால்வஸ் என்று ஒரு கிழவன், தன் கீழ்வீட்டுச் சுவரில் கை வைக்கக் கூடாது என்கிறானாம். எவ்வளவு சொன்னாலும் ஏறாத மண்டை. இந்த மாதிரி ஆட்களை வைத்துக்கொண்டு அந்தப் பெண் ஒரு ஊரை எப்படிக் காப்பாற்றுவாள்? நாளை சுத்தியலோடு நானே போகிறேன்.