பாலைவன விழாவுக்கு மூன்று பேர்

1. மூன்று பேர் போவதற்காக எட்டு மாதம் திட்டமிட்டோம்.
2. மூன்று பேரும் நாங்கள் வசிக்கும் இத்தாலிய ஊரான பலெர்மோவின் துறைமுகத்துக்குப் போனோம்.
3. ஒருவர் மட்டும் கப்பல் ஏறினார்.
4. அவருக்கு ஒட்டகங்களில் எந்த ஆர்வமும் இருக்கவில்லை.

அந்த ஒருவர் நான்தான். பயணத்துக்கான சரிபார்ப்புப் பட்டியலைத் தயாரித்ததும் நான்தான். லிஃப்டுகளைச் சோதிப்பவர்களுக்குப் பட்டியல் எழுதிக் கொடுப்பதே என் தொழில். (இதை வாசிச்சுப்போட்டு லிஃப்டிலை ஏறப் பயப்பிடாதேங்கோ. அது வேறை பட்டியல்.)

துனிசியாவின் தெற்கே ஒரு பாலைவன ஊரில் ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் விழா நடக்கும். ஒட்டக ஓட்டம், வேட்டை நாய்கள், கவிதைப் போட்டி, பேரீச்சம்பழச் சந்தை எல்லாம் உண்டு. கடைசி நாளில் மணப்பெண்ணைச் சிவப்புத் துணி மூடிய கூண்டில் இருத்தி, ஒட்டகத்தில் ஊர்வலமாகக் கொண்டுவருவார்கள். யாரோ அனுப்பிய வீடியோவில் அதைப் பார்த்த அம்மா, "இதை ஒருக்கா நேரை பாக்கோணும்" என்றார். எனக்குத் தெரிந்து அவர் தனக்கென்று கேட்ட முதல் விஷயம் அது. அவர் பராமரிக்கும் வயதான இத்தாலிய அம்மையாரின் (சிஞ்ஞோரா என்போம்) மகள் நத்தார் பண்டிகைக்கு மிலானோவிலிருந்து வருவதால் ஐந்து நாள் லீவும் கிடைத்தது. அடுத்த லீவு அடுத்த நத்தாருக்குத்தான்.

என் பட்டியலில் அறுபத்து நான்கு வரிகள். ஏழாவது வரி: "கடவுச்சீட்டு இருக்கிறதா?" மூவருக்கும் சரி போட்டேன். இருக்கத்தான் செய்தது. என்னுடையது இத்தாலியக் கடவுச்சீட்டு, பதினெட்டு வயதில் எடுத்தது. அம்மா அப்பாவுடையது இலங்கைக் கடவுச்சீட்டு.

"விசா ஏதும் வேணுமோ, பிள்ளை?" என்று அப்பா ஒரு தடவை கேட்டார்.

"பெர்மெஸ்ஸோ இருக்குத்தானே அப்பா" என்றேன். அந்த வதிவிட அட்டையை வைத்துக்கொண்டு பாரிஸ் கலியாணத்துக்கும் ஜெர்மனிச் சாமத்தியவீட்டுக்கும் போய்வந்த குடும்பம் நாங்கள். கடலுக்கு அந்தப் பக்கம் வேறு கண்டம் என்பது எனக்குப் படிப்பில் தெரியும், பழக்கத்தில் தெரியாது.

துறைமுகக் கவுண்டரில் இருந்த பெண் இரண்டு கடவுச்சீட்டுகளையும் புரட்டிவிட்டு, "இவர்களுடைய விசா எங்கே?" என்று இத்தாலியனில் கேட்டார்.

"நாங்கள் ஒரே குடும்பம்" என்றேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

கப்பல் புறப்பட நாற்பது நிமிடம் இருந்தது. அப்பா நெற்றியைத் தடவினார். அம்மா சாப்பாட்டுப் பையை என் கையில் திணித்தார்.

"நீ போ. போய் எனக்குப் போனிலை காட்டு."

"நீங்கள் இல்லாமல் நான் ஏனம்மா..."

"சிஞ்ஞோராவிட்டை என்ன சொல்லுறது? ஒட்டகம் பாக்கப் போறன் எண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். ஆரும் ஒராள் பாக்கத்தான் வேணும்."

போனேன். மூன்று பேருக்கான இடியப்பம் என்னுடன் வந்தது. கப்பல் நகர்ந்த பிறகு அப்பா அழைத்தார். "என்ரை பிரஷர் குளிசை எங்கை, பிள்ளை?" பொருட்களை வகைவாரியாகப் பிரித்திருந்தேன்: மருந்தும் பத்திரங்களும் என் பையில், மின்சாரச் சாமான் அப்பாவின் பையில். குளிசைகள் ஆப்பிரிக்கா போய்க்கொண்டிருந்தன.

விழா மைதானத்தில் கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி நின்றேன். பலெர்மோ சமையலறையிலிருந்து அம்மா இயக்கினார்.

"ஒட்டகத்தைக் காட்டு."

"காட்டுறன் அம்மா."

"இது பின்பக்கம்."

"ஓடுற ஒட்டகம் அம்மா. முகம் தெரியவேணுமெண்டால் நான் அதுக்கு முன்னாலை ஓடவேணும்."

"ஓடன்."

ஓடினேன். கயிற்றைத் தாண்டிப் பந்தயப் பாதைக்குள் நாலடி வைத்திருப்பேன், ஒரு காவலர் என் சட்டைக் கொலரைப் பிடித்து வெளியே இழுத்தார். சனம் கைதட்டியது. ஒட்டகத்துக்கு அவ்வளவு கிடைக்கவில்லை.

கடைசி நாள், மணல்மேட்டுக்குப் பின்னால் மேளம் கேட்டது.

"வருதோ?"

"வருது அம்மா. பற்றரி மூண்டு வீதம்தான் கிடக்கு."

அப்பாவின் குரல் இடையில் வந்தது. "பவர் பாங்க் இஞ்சைதான் இருக்கு, பிள்ளை. நாலு லைட்டும் எரியுது."

சிவப்புத் துணி மேட்டின் உச்சியில் தெரிந்த நேரம் திரை கறுத்தது. ஊர்வலம் முழுவதையும் நான் தனியே நின்று பார்த்தேன். ஒட்டகத்தில் ஆர்வமில்லாத நானே ஒவ்வொன்றாக எண்ணினேன். அம்மா நின்றிருக்க வேண்டிய இடத்தில் நான் நின்றேன்.

வீட்டுக்கு வந்து வரிசையாகச் சொன்னேன்: ஒட்டகம் ஏழு, மேளம் நாலு, துணி சிவப்பு.

"கலியாணப் பொம்பிளை அழுதவளோ?" என்று அம்மா கேட்டார்.

"கூண்டு மூடியிருந்தது. தெரியேல்லை."

"அதை ஆரிட்டையும் கேட்டிருக்கலாமே."

இப்போது விருந்தினர் யார் வந்தாலும் அம்மா இந்தக் கதையைச் சொல்கிறார். பயணம் எப்படி என்று கேட்டால், "பிள்ளை ஓடினதைப் பாத்தனான். பொம்பிளையைத்தான் காணேல்லை" என்கிறார். அதற்கும் கைதட்டுகிறார்கள்.

இந்த வருடத்து விசாவுக்கு அம்மாவும் அப்பாவும் விண்ணப்பித்திருக்கிறார்கள். படிவத்தை அம்மாவே நிரப்பினார், என்னைத் தொட விடவில்லை. சிஞ்ஞோராவின் மகள் வருவதாகச் சொல்லியிருக்கிறார். விழாவுக்கு ஏழு கிழமை இருக்கிறது. விசா இன்னும் வரவில்லை.