நம்பிக்கை ஓட்டுநர் பயிற்சிப் பல்லி

ஒரு பல்லி நாலாயிரம் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறது. கியர் மாற்ற, ரிவர்ஸ் எடுக்க, மேட்டில் நிறுத்திப் பின்னால் உருளாமல் கிளப்ப, எல்லாம் அந்தப் பல்லிதான். சிரிக்காதீர்கள். நாலாயிரம் பேரும் இந்த நிமிஷம் ரோட்டில்தான் இருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் ஹாரன் கேட்கும். இதை நம்பவே மாட்டேன் என்று கடைசிவரை அடம்பிடித்த ஆசாமி ஒரே ஒருவர். அவரிடம் பிறகு வருவோம். முதலில் பெட்டியைப் பிரிக்க வேண்டும்.

பெட்டிகள் மொத்தம் மூன்று. கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருக்கும்போது, காலை பத்து மணிக்கு, அச்சகத்திலிருந்து வந்து ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் முன்னறையில் இறங்கின. பள்ளியின் முதலாளிக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் மாணவனுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு "கிளட்ச்! கிளட்ச்!" என்று அவர் அலறிய அலறலில் அந்தப் பெயர் எங்கேயோ உதிர்ந்துபோய்விட்டது. ஊர் முழுக்க அவருக்குப் பெயர் கிளட்ச். கோபம் வந்தால் மனைவிக்கும் அவர் கிளட்ச்தான்.

ஒரு மாதமாகக் கிளட்ச்சுக்குக் கிறிஸ்துமஸ் பரிசைத் தவிர வேறு சிந்தனையே இல்லை. எதிர்ச்சாரியில் இருக்கும் போட்டிப் பள்ளி போன வருஷம் எல்லோருக்கும் டைரி கொடுத்திருந்தது.

"டைரியாம் டைரி!" என்று பொருமினார். "ரெண்டு பக்கம் எழுதுவான், மிச்சத்தைக் குழந்தை கிறுக்கும். நாம குடுக்கறது தெனம் கையில இருக்கணும். தெனம் நம்ம பேரைப் படிக்கணும்!"

அதனால் மாணவர்களுக்குச் சாவி வளையம், ஊழியர்களுக்குத் தொப்பி, வாடிக்கையாளர்களுக்குப் பீங்கான் கப். மூன்றிலும் பெயர். காரைக் கிளப்பினால் பெயர், வெயிலில் நின்றால் பெயர், காபி குடித்தால் பெயர். யாரும் தப்பிக்க முடியாது.

வாடிக்கையாளர்கள் என்று பன்மையில் சொன்னாலும் அவர் மனத்தில் இருந்தது ஒரே ஒருவர்: பஸ் கம்பெனி அம்மாள். ஐம்பது பஸ்களுக்குச் சொந்தக்காரர். அவருடைய புது டிரைவர்கள் எல்லோருக்கும் இங்கேதான் பயிற்சி. மறுநாள் மதியம் நடக்கவிருந்த கிறிஸ்துமஸ் விருந்துக்கு அவர் வருகிறார். வந்து அடுத்த வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார், அல்லது போடமாட்டார். போட்டால் பள்ளியின் நாலு காரும் ஓடும். போடாவிட்டால் இரண்டு காரை விற்றுவிட்டு, பதினெட்டு வருஷமாகக் கூடவே இருக்கும் பெரிய வாத்தியாரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பெரிய வாத்தியாருக்கும் இது தெரியும். அந்தக் கவலையில் இரண்டு நாளாக அவர் யாரையும் திட்டவில்லை. மாணவர்கள் பயந்துபோயிருந்தார்கள்.

கிளட்ச் முதல் பெட்டியைப் பிரித்து ஒரு கப்பை எடுத்து, கோப்பை வென்றவர் மாதிரி உயரத் தூக்கினார்.

"பாத்தியா மச்சான், எழுத்து எப்படி ஜம்முனு நிக்குது!"

மச்சான் என்பவர் மனைவியின் அண்ணன். எதையும் நம்பாதவர். மழை பெய்கிறது என்று சொன்னால் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "மாடியில பைப் ஒடைஞ்சிருக்கும்" என்பார். 'நம்பிக்கை ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி'யின் முதல் மாணவர் அவர்தான் என்பது விதியின் குறும்பு.

மச்சான் கப்பை வாங்கினார். மூக்குக்கண்ணாடியைப் போட்டார். கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார்.

"மாப்ளே, பள்ளிக்கூடம் நடத்தறேன்னு சொல்லித்தானே எங்கப்பாகிட்ட பொண்ணு கேட்டே?"

"அதுக்கென்ன இப்போ?"

"இதுல பல்லின்னு போட்டிருக்கு. நம்பிக்கை ஓட்டுநர் பயிற்சிப் பல்லி."

கிளட்ச் கப்பைப் பிடுங்கிப் பார்த்தார். ப. ல். லி. சாவி வளையத்தைப் பார்த்தார். பல்லி. தொப்பியில் தங்க நூலில் பின்னிய பல்லி. அவர் முகம் பிரேக் விளக்கு மாதிரி சிவந்தது. அச்சகத்துக்குப் போன் போட்டார். அவர் குரலுக்குப் போன் தேவையே இல்லை, அச்சகம் மூன்று தெரு தள்ளித்தான்.

"ஏன்யா, பள்ளிக்கும் பல்லிக்கும் வித்தியாசம் தெரியாத நீ எதுக்கு அச்சகம் வெச்சிருக்கே? ஒண்ணுல மனுஷன் படிப்பான், இன்னொண்ணு ட்யூப்லைட் பின்னாடி பூச்சி பிடிக்கும்!"

"சார், நீங்க குடுத்தது எப்படி இருந்துச்சோ..."

"பேசாதே! எழுத்துல என்னைக்காவது நான் தப்பு விட்டிருக்கேனா? பள்ளத்துக்கு வர்ற ள, புள்ளிக்கு வர்ற ள, கொள்ளைக்கு வர்ற ள! கொள்ளைக்காரனுக்கு அதுகூடவா தெரியாது?"

வரவேற்பு மேசையில் இருந்த பெண் மெதுவாக எழுந்தாள். "சார், ஒண்ணு சொல்லட்டுமா..."

"நீ சும்மா இரும்மா. இது எழுத்து விஷயம்."

அச்சகக்காரர் பொறுமைசாலி. ஆட்கள் லீவில் போய்விட்டதால் புதிதாக அடிக்க முடியாது. வேண்டுமானால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் ஸ்டிக்கராக அடித்துத் தருகிறேன், தப்பின் மேல் ஒட்டிக்கொள்ளுங்கள் என்றார். "ஆனா சார், வார்த்தையை நீங்களே உங்க கையால எழுதி அனுப்பிடுங்க. அப்புறம் என்னைக் கொள்ளைக்காரன்னு சொல்லக் கூடாது."

கிளட்ச் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பேனாவைக் குத்தீட்டி மாதிரி பிடித்து, எழுதி அனுப்பினார்.

மதியம் ஸ்டிக்கர் வந்தது. அதற்குப் பிறகு அன்று யாரும் கார் கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொள்ள வந்த ஒரு பல் டாக்டரையும் பிடித்து உட்கார வைத்தார்கள். அவர் கையோடு ஒரு சின்ன இடுக்கி வைத்திருந்தார். ஆறு பேர் மூச்சுக்கூட விடாமல், நாற்பது கப்பிலும் முந்நூறு சாவி வளையத்திலும், எழுத்தின் மேல் எழுத்து இம்மி பிசகாமல் ஒட்டினார்கள். கிளட்ச் பின்னால் கை கட்டிக்கொண்டு, "இடது பக்கம், இடது பக்கம், மெதுவா விடு" என்று பார்க்கிங் பாடமே நடத்தினார்.

நாலு மணிக்கு வேலை முடிந்தது. சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வந்த மச்சான் ஒரு கப்பை எடுத்தார். கண்ணாடி போட்டார், கழற்றினார், துடைத்தார், போட்டார்.

"மாப்ளே, பல்லி மேல பல்லியை ஒட்டியிருக்கீங்க."

பல் டாக்டர் இடுக்கியைப் பையில் போட்டுக்கொண்டு நழுவினார்.

போனில் அச்சகக்காரரின் குரல் தேனாக வழிந்தது. "நீங்க எழுதின தாள் எங்கிட்ட பத்திரமா இருக்கு சார். கண்ணாடி போட்டு மாட்டவா?"

"அவன் போட்ட சத்தத்துல கை தானா அப்படி எழுதிடுச்சு!" என்று கிளட்ச் கர்ஜித்தார். சத்தம் போட்டது யார் என்று கேட்க அங்கே யாருக்கும் தைரியமில்லை.

"சார், நான் ஒண்ணு..." என்றாள் வரவேற்பு மேசைப் பெண்.

"நீ வேற ஏம்மா! வாத்தியாரே, ஷெட்டுல பெயிண்ட் தின்னர் இருக்கில்ல? எடுத்துட்டு வாங்க. பேரே வேணாம், மொத்தத்தையும் அழிச்சுடலாம்."

பெரிய வாத்தியார் தம் வேலையே அந்தத் தின்னரில் இருப்பது போலத் தேய்த்தார். 'நம்பிக்கை' அழிந்தது. 'ஓட்டுநர்' அழிந்தது. 'பயிற்சி' அழிந்தது. கார் படமும் ஸ்டியரிங்கும் காணாமல் போயின. கடைசியில் ஸ்டிக்கரை உரித்தார்கள். அதுவரை ஸ்டிக்கர் போர்த்திப் பாதுகாத்த ஒரே ஒரு வார்த்தை மட்டும், பளபளவென்று, நட்டநடுவில் தனியாக நின்றது: பல்லி.

"அதையும் தேயுங்க!"

"தின்னர் தீந்துபோச்சு சார்."

தின்னரில் நனைந்த சாவி வளையங்களோ உருகி, நெளிந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வால் முளைத்திருந்தது. தொப்பியில் இருந்த நூலைப் பின்னூசியால் பிரித்துப் பார்த்தார்கள்; பல்லி போன இடத்தில் பொத்தல் விழுந்தது. அதைப் போட்டுப் பார்த்த பெரிய வாத்தியாரின் நெற்றி அந்தப் பொத்தல் வழியே எட்டிப் பார்த்தது.

மறுநாள் முன்னறையில் காகிதத் தோரணமும் மேசை நிறையக் கேக்கும் இருந்தன. பெட்டிகள் மேசைக்கு அடியில், துணி போட்டு மூடப்பட்டிருந்தன. பரிசே கிடையாது, பஸ் அம்மாளிடம் நாலு நல்ல வார்த்தை பேசிச் சமாளிக்கலாம் என்பது கிளட்ச்சின் ஏற்பாடு. ஆனால் அம்மாள் அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார். வந்ததும் காபி கேட்டார். சமையல்கட்டில் இருந்த கப்புகளில் ஒன்றுகூடச் சுத்தமாக இல்லை. மச்சான் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு மேசைக்கு அடியில் கையை விட்டார். கப்போடு சேர்ந்து வால் வைத்த சாவி வளையம் நாலைந்தும் வெளியே வந்து விழுந்தன.

அம்மாள் ஒரு வாய் குடித்தார். கப்பைத் திருப்பினார். படித்தார்.

கிளட்ச்சுக்குள் நேற்றிலிருந்து கொதித்த கொதிப்பு மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது.

"மேடம், கோவப்படாதீங்க! கோவப்பட வேண்டியவன் நான்! அந்த அச்சகக்காரனை விட மாட்டேன். ஒரு எழுத்தை ஒழுங்கா போடத் தெரியாதவன் நாட்டுல தொழில் பண்றான்! ஒரு மாசம் யோசிச்சு, பாத்துப் பாத்துச் செஞ்ச பரிசு மேடம் இது! இருவத்திரண்டு வருஷமா கட்டிக் காப்பாத்தின பேரை ஒரே நாள்ல சுவத்துல ஏத்திட்டான்!"

அம்மாள் இன்னொரு வாய் குடித்தார்.

"எதுக்கு இவ்வளவு ஆவேசம்? உங்க பேரைத்தானே போட்டிருக்கார்?"

"ஐயோ, எங்க பேரு பள்ளி மேடம்!"

"அப்படியா?" அம்மாள் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "நான் பல்லின்னுதானே நெனச்சுட்டிருக்கேன். பல்லி செங்குத்துச் சுவத்துல வழுக்காம போகுதே, அந்த மாதிரி வண்டி ரோட்டைப் பிடிச்சுட்டுப் போகணும்னு யாரோ ஆழமா யோசிச்சு வெச்ச பேருன்னு நெனச்சேன். அந்தப் பேருக்காகத்தான் எதிர்ச்சாரியில நொழையப் போனவ இங்க வந்தேன். பன்னண்டு வருஷம் ஆச்சு."

"யாரு மேடம் உங்ககிட்ட அப்படிச் சொன்னது?"

"உங்க வாசல்ல இருக்கற போர்டுதான்."

எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். கேக் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியோடு ஓடினார். ஓடியவர்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ஆள் உயரச் சிவப்பு எழுத்து. அந்த எழுத்துகளைக் கிளட்ச் தாமே ஏணியில் ஏறிச் சாக்பீஸால் வரைந்து, பெயிண்டரை உள்ளே நிரப்பச் சொல்லியிருந்தார். தினமும் அதன் அடியில் நுழைந்து, அதன் அடியில் வெளியேறி, வாரத்துக்கொரு முறை தூசி தட்டச் சொல்லித் திட்டியும் இருக்கிறார். போர்டுக்குப் பின்னாலிருந்து ஒரு நிஜப் பல்லி தலையை நீட்டி, கூட்டத்தைப் பார்த்து, உரிமையோடு 'லி'யின் மேல் வந்து உட்கார்ந்தது.

"இதைத்தான் சார் நேத்திலேருந்து சொல்ல வந்தேன்," என்றாள் வரவேற்பு மேசைப் பெண். "அச்சகத்துக்கு நான் அனுப்பினது இந்த போர்டு போட்டோதான்."

கிளட்ச் விரலால் காற்றில் ஒரு 'ள' எழுதிப் பார்த்தார்.

பஸ் அம்மாள் அங்கேயே ஒரு காரின் பானெட்டில் ஒப்பந்தத்தை விரித்து, பெரிய வாத்தியாரிடம் பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "ஒண்ணு, பேரை மட்டும் மாத்தக் கூடாது. ரெண்டு, அந்த வால் வெச்ச சாவி வளையம் என் டிரைவருங்க எல்லாருக்கும் வேணும்." பெரிய வாத்தியார் சட்டைப்பையிலிருந்த ஓட்டைத் தொப்பியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடனே திரும்பி, தெருவில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற மாணவனை, "ஹேண்ட் பிரேக் போடாம எறங்கினியா, அறிவிருக்கா?" என்று திட்டினார். எல்லோருக்கும் உயிர் வந்தது.

மச்சான் மட்டும் நம்பவில்லை.

"இருக்காது. இருவத்திரண்டு வருஷமா நான் பாக்காத தப்பா? எதிர்ச்சாரிக்காரன் ஆள் விட்டு ரெண்டு எழுத்தை மாத்தியிருக்கான். எல்லாம் நேத்தோ முந்தாநாளோ நடந்த வேலை. எங்கிட்ட ஆதாரம் இருக்கு! இந்தப் பள்ளியோட மொத சர்டிபிகேட், மாப்ளே கைப்பட எழுதினது, லேமினேஷன் பண்ணி வண்டியிலேயே வெச்சிருக்கேன். இதோ எடுத்துட்டு வந்து மூஞ்சிக்கு நேரா நீட்டறேன்!"

வேகமாகத் தம் காருக்குப் போனார். முன்பக்கப் பெட்டியைத் திறந்தார். வெளியே எடுத்தார். கண்ணாடி போட்டார். கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டார்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"ஆமாம்ப்பா... எனக்கும் பல்லிதான் கத்துக்குடுத்திருக்கு."