மேற்படி யானை

மெர்டேக்கா என்கிற சுதந்திரம் கிடைத்து ஐந்து வருடம் ஆகியும் மலாக்காவில் ஒரு சுவரில்கூட மொசைக் ஓவியம் இல்லை என்பது சுவர் அலங்காரக் குழுவுக்குத் திடீரென்று உறைத்தது. கோலாலம்பூரில் கண்ட சுவரிலெல்லாம் வண்ணச் சில்லு ஒட்டுகிறார்களாம். நம் சுவர்கள் மட்டும் வெறும் சுண்ணாம்போடு நிற்பது வளரும் நாட்டுக்கு அழகா? ஆகவே, ஊரின் வரலாறும் இயற்கையும் ஒருங்கே விளங்கும் வண்ணம், காஜா பேராங் வட்டாரத்துப் பொதுமண்டபத்தின் முன்சுவரில் ஓர் ஓவியம் பதிப்பது என்று ஏகமனதாக முடிவாயிற்று.

வேலை சுப்பையனிடம் வந்தது. ஒன்பது வருடமாகத் தினக்கூலிக்கு அரசாங்கக் குளியலறைகளில் சில்லு பதித்தவன் அவன்.

"ஒரு ஆட்சேபமும் வராமல் முடித்துத் தாரும். உம்மை நிரந்தரமாக்கிற கடிதம் என்ர மேசையிலதான் கிடக்குது" என்றார் நல்லையா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குழுவின் அலுவலகத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, உயர்ந்தவர் அவர். அவர் மேசையில் கிடந்த கடிதங்கள் பல, கிடந்தே வயதாகிப் போனவை.

மலாயில் காஜா என்றால் யானை, பேராங் என்றால் கடுங்கோபம். சுப்பையன் அதை அப்படியே நம்பினான். தும்பிக்கையைத் தூக்கி, ஒரு காலை ஓங்கிக்கொண்டு நிற்கும் யானையைப் பதித்தான். பின்னால், மலாக்கா என்று ஊருக்குப் பெயர் தந்த நெல்லி மரம். பக்கத்தில், அந்த ஊர் உண்டான கதையில் வருகிறபடி, ராஜாவின் வேட்டை நாயை எட்டி உதைக்கும் குட்டிச் சருகுமான்.

குழுத் தலைவர் வந்து பார்த்தார். "இந்த யானைக்கு யார் மேல் கோபம்?"

"ஊர் பேரே அப்படித்தானுங்களே ஐயா."

"வெள்ளைக்காரன் காலத்தில் கோபப்பட்டிருக்கலாம். இப்போது நம் ஆட்சி. கோபத்தை எடுத்துவிடு."

சுப்பையன் உளியால் கோபத்தைக் கொத்தி எடுத்துவிட்டுப் புன்னகை ஒன்றைப் பதித்தான். மறுவாரம் நல்லையா ஒரு கடிதத்தோடு வந்தார்.

"மேற்படி யானையின் பின்புறம் அலுவலகத்தை நோக்கியிருக்குதாம். திருப்பிப் போட்டால் கோயிலைப் பார்க்கும். பின்புறம் இல்லாத யானை கிடையாதோ?"

"நேரா நம்மள பார்த்தாப்ல வச்சா, பின்பக்கம் சுவத்துக்குள்ள போயிரும்யா."

"நல்லது. சுவருக்கு ஆட்சேபம் இராது."

யானை நேராகப் பார்த்தது. ஓங்கிய கால் இப்போது பஸ்ஸுக்கு நிற்பவர்கள் தலைமேல் இருந்தது. பொதுமக்கள் பாதுகாப்பை முன்னிட்டு யானையை உட்கார வைக்கும்படி அடுத்த கடிதம் சொன்னது. சும்மா இருக்கும் முன்கால், வருகிறவர்களை வரவேற்கட்டும் என்றது அதற்கடுத்த கடிதம். நாடு செழிக்கும்போது யானை மட்டும் ஏன் இளைத்திருக்கிறது என்று கேட்டவருக்காக வயிறு பெருத்தது. ராஜாவின் நாயை உதைப்பது ராஜத்துரோகமோ என்று ஐயம் எழுந்ததால் நாயை எடுத்தார்கள். உதைக்க ஆள் இல்லாத சருகுமான், வயிற்றுக்கு இடம் விட்டு விட்டுச் சிறுத்து, யானையின் காலடியில் ஒரு சாண் அளவுக்கு ஒடுங்கியது. வயிறு நெல்லி மரத்தையும் விழுங்கியபோது, "இயற்கை எங்கே?" என்று கேட்டார் தலைவர். சுப்பையன் நாலு நெல்லிக்காயை யானையின் கையில் வைத்தான். கடைசியில் வெள்ளைச் சில்லு தீர்ந்தது. சிங்கப்பூரிலிருந்து வர மூன்று மாதமாம். ஒரு தந்தம் பாதியில் நின்றது.

திறப்பு விழாவில் தலைவர் திரையை இழுத்தார். கம்போங் செட்டியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் மெல்லச் செருப்பைக் கழற்றினாள். எங்கிருந்தோ ஒரு தேங்காய் சிதறியது.

அன்று வீட்டில் பாக்கியலட்சுமி புருஷனுக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஊருல பிள்ளையார் பிடிக்கப் போயிக் குரங்க பிடிப்பாங்க. நீங்க யானை பிடிக்கப் போயிப் பிள்ளையாரப் பிடிச்சிட்டு வந்திருக்கீங்க."

"அது யானைதான்டி. காது ரெண்டும் தலைவர் வீட்டுக் குளியலறைச் சில்லு."

"பிள்ளையாரு எதுலயும் இருப்பாரு."

மறுநாள் நல்லையா சுப்பையனைக் கூப்பிட்டார். "யார் உம்மைக் கோயில் கட்டச் சொன்னது?"

சுப்பையன் பதினோரு கடிதத்தையும் மேசைமேல் வைத்தான். ஒவ்வொன்றிலும் கையெழுத்து இருந்தது. குழு அவசரமாகக் கூடி ஆராய்ந்தது. கடிதங்களில் பிழை இல்லை. எனவே பார்க்கிறவர்களின் கண்ணில்தான் பிழை. "இது யானை. கும்பிடக் கூடாது" என்று மூன்று மொழியில் பலகை வைத்தார்கள். இரண்டு நாளில் பலகைக்கும் யாரோ சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள்.

விஷயம் மேலிடத்துக்குப் போயிற்று. யானைக்கு அனுமதி வாங்கிவிட்டு வேறு எதையோ பதித்திருக்கிறார்களா என்று கேள்வி வந்தது. பதில் தெரியும்வரை சுப்பையனின் கடிதம் நகராது. நல்லையாவின் பதவி உயர்வும் நகராது.

வெள்ளிக்கிழமை விடியற்காலை சுப்பையன் ஒரு தேங்காயோடு பொதுமண்டபத்துக்குப் போனான். அவனுக்கு முன்னால் வரிசையில், வெறுங்காலோடு நல்லையா நின்றிருந்தார். கக்கத்திலிருந்த ஃபைல் உருண்டையாகப் புடைத்திருந்தது.

"ஐயா, நீங்களா?"

"இது அலுவல் சம்பந்தமான தேங்காய்" என்றார் நல்லையா.

"என்ன வேண்டுதல்யா?"

நல்லையா அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இது பிள்ளையார் இல்லை, வெறும் யானைதான் எண்டு மேலிடம் ஒத்துக்கொள்ள வேணும். அதைத்தான் இவரிட்டைக் கேட்க வந்தனான். உமக்கு?"

"அதே வேண்டுதல்தான்யா."

இருவரும் தலையில் குட்டிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை கடிதம் வந்தது. சுவரில் இருப்பது யானையே என்றும், அதில் தெய்வாம்சம் எதுவும் இல்லை என்றும், மேலிடம் திட்டவட்டமாக அறிவித்திருந்தது. சுப்பையன் நிரந்தரமானான், நல்லையாவும் ஒரு படி ஏறினார்.

கேட்டவுடன் இப்படிக் கொடுக்கிற பிள்ளையார் வேறெங்கே இருக்கிறார்? அடுத்த வெள்ளிக்கிழமையே இருவரும் சேர்ந்து நூற்றெட்டுத் தேங்காய் உடைத்தார்கள். முதல் தேங்காயை எடுத்துக் கொடுத்தவர் குழுத் தலைவர்.